ஐயாயிரம் கோடி மார்க் தபால்தலை

சோளக்காடு என்ற ஊரிலிருந்து சென்னைக்கு ஒரு சாதாரணக் கடிதம் போட 5 ரூபாய்த் தபால்தலை போதும். இந்தக் கட்டணம் பல ஆண்டுகளாக மாறவில்லை. ஜெர்மனியில் 1923 ஆகஸ்ட் முதல் தேதி உள்நாட்டுக் கடிதத்துக்கு 1,000 மார்க் வாங்கினார்கள். அக்டோபர் முதல் தேதி 20 லட்சம். டிசம்பர் முதல் தேதி 10,000 கோடி!

ஏன் இந்த ஏற்றம்? முதல் உலகப் போரின் கடனும் இழப்பீட்டுச் சுமையும் ஏற்கெனவே ஜெர்மனியின் கழுத்தை நெரித்தன. 1923 ஜனவரியில் பிரெஞ்சு, பெல்ஜியப் படைகள் ரூர் தொழிற்பகுதியில் புகுந்தன. அங்கே வேலையை நிறுத்திய தொழிலாளர்களுக்குக் கூலி கொடுக்க ஜெர்மன் அரசு நோட்டாக அடித்துத் தள்ளியது; மார்க்கின் மதிப்பு சரிந்தது.

அந்தக் காலத் தலை ஒன்றை லென்ஸ் வைத்துப் பாருங்கள். மன்னர் முகமோ மாளிகையோ இருக்காது. பூவேலை வட்டம், நடுவில் ஓர் எண், அவ்வளவுதான். எண்ணை மட்டும் மாற்றினால் புதுத் தலை தயார். அதற்கும் நேரமில்லாதபோது பழைய தலைகளின் மேலேயே புது விலையை அச்சிட்டார்கள். 1971இல் வங்கதேச அகதிகளுக்காக நம் தபால்துறை 5 பைசா குடும்பநலத் தலையில் ‘அகதி நிவாரணம்’ என்று அச்சிட்டதும் இதே முறைதான். சில நவம்பர்த் தலைகளுக்கு ஓரத்தில் துளைகூடக் கிடையாது, வெறும் கீறல்தான். உச்சவிலைத் தலை 5,000 கோடி மார்க்.

இவ்வளவு பெரிய எண் இருந்தும், பயன்படுத்தாத தலைகள் இன்று மிக மலிவு. மிச்சமானவை கட்டுக் கட்டாகத் தேங்கிவிட்டன. கடிதத்தில் ஒட்டப்பட்டு, உரிய நாளில் முத்திரை விழுந்தவைதான் அரிது. சில தலைகளின் ஆயுளே சில வாரங்கள். அதனால் மலிவுத் தலையில் போலி முத்திரை குத்தி விற்பவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். இதைச் சோதித்துச் சான்று தருவதற்கென்றே ‘இன்ஃப்ளா பெர்லின்’ என்ற சேகரிப்பாளர் சங்கத்தின் வல்லுநர்கள் இருக்கிறார்கள். விலை கூடிய தலையை அவர்கள் சான்றில்லாமல் வாங்காதீர்கள்.

புதிதாகத் தொடங்குபவர் தலைகளை மட்டும் வாங்காமல் உறைகளையும் தேடுவது நல்லது என்பேன். முத்திரையின் தேதியையும் அன்றைய கட்டணத்தையும் பொருத்திப் பார்ப்பதில்தான் இந்தச் சேகரிப்பின் ருசியே இருக்கிறது. முன்பக்கம் இடம் போதாமல் பின்பக்கமும் தலை ஒட்டிய உறைகள் கிடைக்கும். நேர்மாறானதும் உண்டு. நவம்பர் 26 முதல் 30 வரை கடிதக் கட்டணம் 8,000 கோடி மார்க். புதிய தலை அச்சிட அவகாசமில்லை. அந்த ஐந்து நாளும் தபால் நிலையங்கள் தலைகளை அச்சிட்ட விலையைப்போல் நான்கு மடங்குக்கு விற்றன. ஒரே ஒரு 2,000 கோடித் தலையோடு, அந்த ஐந்து நாள்களில் ஒன்றின் முத்திரை தெளிவாக விழுந்த உறை கண்ணில் பட்டால், கட்டணம் குறைவென்று ஒதுக்கிவிடாதீர்கள். முழுக் கட்டணமும் செலுத்திய கடிதம் அது.