கையேட்டைப் படிப்பது ஏஜென்ட்

2016 பிப்ரவரியில், பெங்களூரில் ஃபிளிப்கார்ட்டின் பாதுகாப்புப் பொறியாளராக இருந்த ஆனந்த் பிரகாஷ், ஃபேஸ்புக்கில் ஓர் ஓட்டையைக் கண்டுபிடித்தார். கடவுச்சொல்லை மறந்தவர்களுக்கு ஃபேஸ்புக் 6 இலக்க எண் ஒன்றை அனுப்பும். ஆறு இலக்கம் என்றால் மொத்தமே 10 லட்சம் எண்கள்தான். கணினிக்கு அது ஒரு பொருட்டல்ல. அதனால்தான் பத்துப் பன்னிரண்டு முறை தவறாகப் போட்டதும் முதன்மைத் தளம் தடுத்துவிடும். ஆனால் புதிய வசதிகளைச் சோதிக்கும் பீட்டா தளத்தில் அந்தத் தடையை வைக்கவில்லை. பொறுமையான ஒரு நிரல் இருந்தால் யாருடைய கணக்கிலும் நுழைந்துவிடலாம். ஆனந்த் தன் சொந்தக் கணக்கில் மட்டும் அதைச் செய்து பார்த்துவிட்டு ஃபேஸ்புக்குக்குத் தெரிவித்தார். மறுநாளே ஓட்டை அடைக்கப்பட்டது. 15,000 டாலர் பரிசும் கிடைத்தது.

இப்படி ஓட்டைகளைத் தேடும் வேலையை இப்போது ஏஐ ஏஜென்டுகளிடம் கொடுக்கத் தொடங்கியிருக்கிறார்கள். தளங்களைத் துழாவிக் குறைகளைப் பட்டியலிடும் ஸ்கேனர்கள் புதியவை அல்ல. நிக்டோ 2001இல் வந்தது, ஸாப் 2010இல். முன்பு அவற்றை மனிதர் இயக்கினார். இப்போது 'இந்தத் தளத்தைச் சோதித்துச் சொல்' என்று ஏஜென்டிடம் சொன்னால், எந்தக் கருவியை எடுப்பது, என்ன அமைப்போடு ஓட்டுவது என்பதை அதுவே முடிவு செய்கிறது. ஏஜென்டுகளைக் கருவிகளோடு இணைக்க 2024 நவம்பரில் வெளியான மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால் போன்ற ஏற்பாடுகளில், ஒரு கருவியின் பெயரும் அது என்ன செய்யும் என்ற விளக்கமும் எழுத்தாகவே ஏஜென்டுக்குப் போய்ச் சேர்கின்றன. அந்த எழுத்தைப் படித்துத்தான் அது செயல்படுகிறது. எனவே அந்த விளக்கம் உட்பட ஸ்கேனரின் கையேடு சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதும் பாதுகாப்புச் சோதனையின் ஒரு பகுதியாகிவிட்டது.

எதைப் பார்க்க வேண்டும்? ஆனந்தின் கண்டுபிடிப்பையே உரைகல்லாக வைத்துக்கொள்ளலாம். ஓட்டை இருந்தது முதன்மைத் தளத்தில் அல்ல, துணைத் தளத்தில். ஒரு முகவரியைக் கொடுத்தால் ஸ்கேனர் அதன் துணைத் தளங்களுக்கும் போகுமா, போகாதா? கையேடு இதைச் சொல்லாவிட்டால் இரண்டு விதத்திலும் ஆபத்து. போகாவிட்டால் பீட்டா தளம் கண்ணில் படாது. போனால், அனுமதி தராத வேறொருவரின் சர்வரில் ஏஜென்ட் போய் நிற்கலாம்.

அடுத்தது, சோதனை தளத்தை என்ன செய்கிறது என்பது. ஸாப் இதைத் தெளிவாகப் பிரித்துக் காட்டுகிறது. ஒரு வகைச் சோதனை, தளம் அனுப்பும் பதில்களைப் பார்த்து மட்டுமே குறை சொல்லும். இன்னொரு வகை, படிவங்களிலும் முகவரிகளிலும் விஷமமான உள்ளீடுகளைத் திணித்துப் பார்க்கும். இரண்டாவது உண்மையிலேயே ஒரு தாக்குதல் என்றும், உரிமையில்லாத தளங்களில் அதை ஓட்டக் கூடாது என்றும் அதன் ஆவணம் எச்சரிக்கிறது. இயங்கிக்கொண்டிருக்கும் ஒரு கடையின் தளத்தில் அதை ஓட்டினால் பொய்யான ஆர்டர்கள் பதிவாகலாம், உண்மையான தரவு அழியலாம். அனுபவமுள்ள பொறியாளர் அந்தப் பொத்தானுக்கு முன் தயங்குவார். ஏஜென்டுக்கும் அந்தத் தயக்கம் வர வேண்டுமென்றால், எச்சரிக்கை அந்தக் கட்டளையின் விளக்கத்திலேயே இருக்க வேண்டும். நாற்பதாம் பக்கத்தில் இருந்து பயனில்லை.

அறிக்கையின் பொருளையும் கையேடு சொல்ல வேண்டும். ஸாப் ஒவ்வொரு குறைக்கும் அபாய அளவைத் தனியாகவும், 'இது உண்மையான குறைதான்' என்ற நம்பகத்தன்மை அளவைத் தனியாகவும் தருகிறது. இரண்டையும் ஒன்றெனக் கொண்டால் சந்தேகம் எல்லாம் தீர்ப்பாகிவிடும். எனக்கு அதைவிடக் கவலை தருவது 'எதுவும் கிடைக்கவில்லை' என்ற அறிக்கை. மென்பொருள் பாதுகாப்பு அமைப்பான ஓவாஸ்பின் 2021 குறைபாட்டுப் பட்டியலில் முதலிடத்தில் இருப்பது அணுகல் கட்டுப்பாட்டுக் குறைபாடு, அதாவது ஒருவர் பார்க்கக் கூடாததைப் பார்க்க முடிவது. ஒரு ரசீது யாருக்கு உரியது என்று ஸ்கேனருக்குத் தெரியாது. அதனால் இத்தகைய குறைகளை அது எளிதில் தவறவிடும். எதையெல்லாம் சோதிக்கவில்லை என்று கையேடு சொல்லாதபோது, ஏஜென்ட் வெற்று அறிக்கையைப் பார்த்து 'உங்கள் தளம் பாதுகாப்பானது' என்று உரிமையாளருக்கு எழுதிவிடும்.

ஒரு நூலை எப்படி மதிப்பிடுவது என்பது தமிழுக்குப் புதிய கேள்வி அல்ல. பவணந்தி முனிவர் நன்னூலின் பாயிரத்தில் நூலுக்குப் பத்துக் குற்றங்களும் பத்து அழகுகளும் வகுத்தார். அந்தக் குற்றங்களில் இங்கே மிகவும் கொடியது 'குன்றக் கூறல்', சொல்ல வேண்டியதைக் குறைத்துச் சொல்வது. 'மாறுகொளக் கூறல்' அதற்கு அடுத்தது. ஓரிடத்தில் நொடிக்குப் பத்துக் கோரிக்கை என்றும் இன்னோரிடத்தில் வரம்பில்லை என்றும் இருந்தால் மனிதர் கேட்டுத் தெளிவார். ஏஜென்ட் இரண்டில் ஒன்றை எடுத்துக்கொண்டு போய்விடும்.

பவணந்தி காலத்தில் இல்லாத ஒரு சிக்கலும் சேர்ந்திருக்கிறது. சோதிக்கப்படும் தளத்தின் பக்கத்திலேயே 'இதுவரை தந்த கட்டளைகளை மறந்துவிட்டு இதைச் செய்' என்று யாராவது எழுதி வைக்கலாம். ஸ்கேனர் அதை அறிக்கையில் அப்படியே கொண்டுவந்தால் ஏஜென்ட் கட்டளையாக எடுத்துக்கொள்ளும் அபாயம் உண்டு. தளத்திலிருந்து வந்த எழுத்து வெறும் தரவு என்று கையேடு அறிவிப்பதோடு, அறிக்கையின் வடிவமே அதைப் பிரித்துக் காட்டவும் வேண்டும்.

இதையெல்லாம் படித்துப் பார்த்து மட்டும் மதிப்பிட முடியாது, ஓட்டிப் பார்க்க வேண்டும். ஓவாஸ்பின் ஜூஸ் ஷாப், வேண்டுமென்றே ஓட்டைகளோடு கட்டப்பட்ட பயிற்சித் தளம். அதைச் சொந்தக் கணினியில் நிறுவி, கையேட்டை ஏஜென்டிடம் கொடுத்து வேலை சொல்லலாம். பிறகு ஓர் எச்சரிக்கையை நீக்கிவிட்டு மறுபடி ஓட்டலாம். நடத்தை மாறினால் அந்த வரி வேலை செய்கிறது. மாறாவிட்டால் அது சரியான இடத்தில் இல்லாமலோ, சரியாக எழுதப்படாமலோ இருக்கலாம்.

உரிமையாளரின் அனுமதியின்றி ஒரு கணினியை அணுகுவதை இந்தியத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஆம் பிரிவு தடுக்கிறது. நேர்மையற்ற நோக்கில் செய்தால் 66ஆம் பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறை. அந்தச் சட்டத்தின் முன் நிற்கப்போவது ஏஜென்ட் அல்ல, அதை ஏவிய மனிதர். உங்கள் அலுவலகத்தில் இப்படியொரு கருவியை வாங்கும் பேச்சு எழுந்தால், விலைப்பட்டியலுக்கு முன் கையேட்டைக் கேளுங்கள். எல்லை, அனுமதி, சோதிக்காதவை ஆகிய மூன்றும் அதில் இல்லையென்றால் அந்தக் கருவியை ஏஜென்டின் கையில் கொடுக்காதீர்கள்.