உளவியலாளர் கையில் மருந்துச் சீட்டு: அமெரிக்கச் சட்டங்களும் நம்முன் உள்ள கேள்வியும்

மருத்துவப் பட்டம் பெறாத உளவியலாளர் ஒருவர், கூடுதல் பயிற்சி பெற்றால், மனநல மருந்துகளைத் தாமே பரிந்துரைக்கலாம் என்று அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலம் 2002-இல் சட்டம் இயற்றியது. 2004-இல் லூசியானாவும் 2014-இல் இல்லினாயும் அவ்வழியில் சென்றன. பின்னர் அயோவா, ஐடஹோ, கொலராடோ ஆகியவை சேர, 2024-இல் யூட்டா ஏழாவது மாநிலமாயிற்று. ஹவாயிலும் ஒரேகானிலும் சட்டமன்றங்கள் நிறைவேற்றிய இத்தகைய மசோதாக்களை ஆளுநர்கள் தடுத்துவிட்டனர்.

மனநல மருத்துவர் என்பவர் முதலில் மருத்துவம் பயின்று, பின் மனநோய்களில் சிறப்புப் பயிற்சி பெற்றவர். உளவியலாளர் உளவியலில் உயர்பட்டம் பெற்று, நோயாளியிடம் பேசியும் சோதனைகள் நடத்தியும் சிகிச்சை அளிப்பவர். மருந்து எழுதும் அதிகாரம் முன்னவருக்கே உரியது என்பது நெடுங்கால விதி. அமெரிக்கப் படைத்துறை 1991-இல் தொடங்கிய ஒரு சோதனைத் திட்டம் இவ்விதியைத் தளர்த்தியது. அதில் பயிற்சியை முடித்தவர்கள் 10 பேர்தாம்.

மாநிலங்கள் முன்வைத்த காரணம் பற்றாக்குறை. நியூ மெக்சிகோ பரந்த நிலப்பரப்பும் சிதறிய சிற்றூர்களும் பூர்வகுடி மக்களின் ஒதுக்கீட்டு நிலங்களும் கொண்டது. மனநல மருத்துவர்களோ பெருநகரங்களை ஒட்டியே குவிந்திருந்தனர். எனவே, எட்டாத மக்களின் பெயராலேயே சட்டம் வந்தது. அது விதித்த நிபந்தனைகள் எளியவை அல்ல. 450 மணி நேர வகுப்புப் பாடம், குறைந்தது 100 நோயாளிகளைக் கண்டு 400 மணி நேரச் செய்முறைப் பயிற்சி, தேசியத் தேர்வு, அதன்பின் மருத்துவரின் மேற்பார்வையில் இரண்டாண்டு ஆகியவற்றைக் கடக்க வேண்டும். முழு உரிமம் பெற்ற பிறகும் நோயாளியின் பொதுமருத்துவருடன் கலந்து செயல்பட வேண்டும்.

மருத்துவர் சங்கங்கள் கடுமையாக எதிர்த்தன. அவ்வெதிர்ப்பில் தொழில்நலம் கலந்திருப்பது வெளிப்படை. ஆயினும் வாதத்தை அதைக் காட்டி ஒதுக்கிவிட முடியாது. லித்தியம் சிறுநீரகத்தையும் தைராய்டையும் பாதிக்கக்கூடியது. உளப்பிறழ்வுக்கான மருந்துகளில் பல உடல் எடையையும் இரத்தச் சர்க்கரையையும் உயர்த்தும். உடலை அறியாதவர் இவற்றை எழுதலாமா என்பது நியாயமான கேள்வி. ஆதரவாளர்களின் மறுமொழியும் வலுவானதே: மனச்சோர்வு மருந்துகளில் பெரும்பகுதியை எழுதுவோர் இப்போதும் பொதுமருத்துவர்கள், மனநலத்தில் அவர்கள் பெறும் பயிற்சி மிகக் குறைவு.

இல்லினாய் சட்டம்தான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. 17 வயதுக்குட்பட்டோர், 65 வயதைக் கடந்தோர், கருவுற்ற பெண்கள், அறிவுசார் குறைபாடுடையோர், இதய நோய், புற்றுநோய் போன்ற கடும் உடல்நோய் உடையோர் ஆகியோருக்கு உளவியலாளர் மருந்து எழுதக் கூடாது என்றது அது. பாதுகாப்பு நோக்கில் இது சரியே. ஆனால் வறுமையும் உடல்நோயும் ஒரே வீட்டில் குடியிருப்பவை. யாரைக் காட்டிச் சட்டம் கேட்கப்பட்டதோ, அவர்களில் பலர் அதன் வாசலிலேயே நிறுத்தப்படுகின்றனர். மேலும், உரிமம் பெற்றவர் நகரத்திலேயே தனியார் அறை அமைத்து அமர்வதை உரிமம் தடுப்பதில்லை.

மருந்து எழுதும் அதிகாரம் நோய்க்குப் பெயரிடும் அதிகாரத்தோடு பிணைந்தது. 1851-இல் சாமுவேல் கார்ட்ரைட் என்னும் மருத்துவர், அடிமைகள் தப்பியோட விரும்புவதை ஒரு மனநோய் என்று பெயரிட்டு எழுதினார். அதை அவர் வெளியிட்டது இதே லூசியானாவில். அவர் மருத்துவத் தொழில் செய்தவர்தாம்.

இந்தியச் சட்டத்தின் நிலை தெளிவானது. மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017-இன் பிரிவு 106, தம் தொழில்துறை அனுமதிக்காத மருந்தையோ சிகிச்சையையோ எந்த மனநலத் தொழிலரும் பரிந்துரைக்கக் கூடாது என்கிறது. மருத்துவ உளவியலாளருக்கு இங்கே மருந்துச் சீட்டு இல்லை. அதே சட்டத்தின் பிரிவு 3, ஒருவரின் சமூக, பொருளாதார, அரசியல் நிலையை வைத்து மனநோயைத் தீர்மானிக்கக் கூடாது என்கிறது. பிரிவு 21 பாகுபாட்டைத் தடை செய்யும் இடத்தில் ‘சாதி’ என்ற சொல்லையே பயன்படுத்துகிறது. விடுதியில் அவமதிக்கப்பட்ட மாணவரின் புகாரை ‘மனச்சோர்வு’ என்று எழுதி முடித்துவைக்கும் நிர்வாகங்களுக்கு எதிராக இவ்விரு பிரிவுகளையும் நாம் இன்னும் போதிய அளவு பயன்படுத்தவில்லை.

2015–16 தேசிய மனநலக் கணக்கெடுப்பு, பல்வேறு மனநோய்களில் சிகிச்சை கிடைக்காதோரின் விகிதம் 70 முதல் 92 விழுக்காடு வரை என்று காட்டியது. இந்த இடைவெளியைக் காட்டி, அமெரிக்க வழியை இங்கும் கொண்டுவரலாம் என்று சொல்லத் தோன்றும். நான் உடன்படவில்லை. நம் நாட்டில் மருத்துவ உளவியலாளர்களே மிகச் சிலர். அவர்களும் நகரங்களில் இருக்கின்றனர். பேனாவைக் கைமாற்றினால் சேரிக்கு ஒரு மருத்துவர்கூடக் கூடுதலாக வந்துவிட மாட்டார்.

கைக்கெட்டும் கருவி பிரிவு 31. அரசு மருத்துவமனைகளிலும் சிறைகளிலும் உள்ள மருத்துவ அலுவலர்களுக்கு அடிப்படை மனநலப் பயிற்சி அளிக்க வேண்டும் என்றும், மக்கள்தொகைக்கேற்ற பன்னாட்டு அளவுகோலைப் பத்தாண்டுகளுக்குள் எட்ட முயல வேண்டும் என்றும் அது அரசுக்குக் கடமை விதிக்கிறது. சட்டம் 2018-இல் நடைமுறைக்கு வந்தது. கெடு 2028-இல் முடிகிறது. உங்கள் மாவட்டத்தின் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்களில் எத்தனை பேர் இப்பயிற்சி பெற்றனர், எந்தெந்த மனநல மருந்துகள் அங்கே இருப்பில் உள்ளன என்ற இரு கேள்விகளையும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் மாநில மனநல ஆணையத்திடமும் மாவட்டச் சுகாதார அலுவலகத்திடமும் இப்போதே கேட்கலாம். விண்ணப்பக் கட்டணம் 10 ரூபாய்.