செம்பு சொன்ன சாட்சி

திருவனந்தபுரம் ஆரியசாலையில் 'சாலை' என்றால் கடைத்தெருதான். மூட்டை, லாரி, மொத்த விலை. பக்கத்திலேயே வலியசாலை. அங்கே காந்தளூர் மகாதேவர் கோயில். இராஜராஜ சோழனின் மெய்க்கீர்த்தியில் வரும் காந்தளூர்ச்சாலை இதுதானா, அங்கே அவன் அறுத்த 'கலம்' மரக்கலமா, உண்கலமா? அறிஞர்களிடையே நெடுங்காலச் சண்டை இது. கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையும் காந்தளூர்ச்சாலை பற்றித் தனி நூலே எழுதினார்.

வழக்கின் முக்கிய சாட்சி, 'ஹஜூர் கச்சேரிச் செப்பேடு'. பெயரே விசித்திரம். திருவிதாங்கூர் அரசின் தலைமை அலுவலகத்தில் இருந்ததால் வந்த பெயர். எந்த ஊரின் சொத்து என்று அது சொல்லாது. எடைக்குப் போயிருந்தால் வெறும் செம்பு. சமஸ்தானத் தொல்லியல் துறையின் டி.ஏ. கோபிநாத ராவ் அதைப் படித்து, திருவிதாங்கூர் தொல்லியல் வரிசையின் முதல் தொகுதியில் பதிப்பித்தார். ஊர் தெரிந்தது: இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கும் பார்த்திவபுரம்.

ஆய் மன்னன் கருநந்தடக்கன் 866ல் அங்கே விஷ்ணு கோயில் எழுப்பி, காந்தளூர் முறைப்படி 95 மாணவர்களுக்குச் சாலை அமைத்தான் என்கிறது செப்பேடு. கூட்டத்துக்கு ஆயுதத்தோடு வரக்கூடாது என்று மாணவர்களுக்கு விதி வேறு! ஆக, அந்தக் காலத்தில் சாலை என்றால் கல்விக்கூடம்.

ஆரியசாலையிலிருந்து சற்றே தள்ளி, கோட்டைப் பகுதியில் மாநில ஆவணக் காப்பகம். பத்மநாபசுவாமி கோயிலின் மதிலகம் ஓலைச் சுருணைகள் அங்கே உள்ளன. 2022ல் ஓலைச்சுவடி அருங்காட்சியகமும் திறந்தாயிற்று. ஆனால் கண்ணாடிப் பெட்டியில் வைப்பது சுலபம். சுருணையைப் பிரித்து, படித்து, பட்டியலிட வட்டெழுத்தும் கோலெழுத்தும் மலையாண்மையும் தெரிந்த கண்கள் வேண்டும்.