வடக்கே போன பிடி அரிசி

 

கொஞ்ச நாளா நம்ம இன்பாக்ஸ்ல ஒரே கேள்வி வேற வேற மாதிரி வந்துக்கிட்டே இருக்கு. "வேலை இருக்கு, சம்பளம் வருது, ஆனா எதுக்காக ஓடுறேன்னு தெரியல." சிலர் இன்னும் ஒரு படி மேலே போய், "நான் விசுவாசிக்கிறதை மத்தவங்ககிட்ட சொல்லணும்னு தோணுது, ஆனா கூச்சமா இருக்கு, சொன்னா தப்பா எடுத்துக்குவாங்களோ"ன்னு கேட்டிருக்கீங்க. இன்னைக்கு இந்த இரண்டையும் சேர்த்தே பேசுவோம். நான் போதகர் இல்லை, கோட் எழுதிச் சம்பாதிக்கிறவன். அதனால பிரசங்கம் இருக்காது. ஒரு மனுஷரோட கதை இருக்கு, நான் பண்ணின ஒரு தப்பும் இருக்கு.

தப்பிலிருந்து ஆரம்பிக்கிறேன். சில வருஷத்துக்கு முன்னாடி என் ரூம்மேட்டோட அப்பா திடீர்னு இறந்துட்டாரு. அவனுக்கு எட்டயபுரம் பக்கத்துல ஒரு கிராமம். எனக்கு ரிலீஸ் வாரம். நான் ஊருக்குப் போகல. அதுக்குப் பதிலா ஒரு வேத வசனமும், ஆறு நிமிஷத்துக்கு ஒரு வாய்ஸ் நோட்டும் அனுப்பினேன். மரணம், நம்பிக்கை, நித்திய ஜீவன் எல்லாம் அதுல இருந்தது. அனுப்பி முடிச்சதும் ஒரு நல்ல காரியம் செஞ்ச திருப்தி வேற. இரண்டு மாசம் கழிச்சு அவன் பதில் அனுப்பினான்: "அன்னைக்கு நீ வந்திருக்கலாம்டா."

அந்த ஒரு வரியை இன்னும் நான் அழிக்கல.

ஆச்சியோட டப்பா

எனக்குச் சொந்த ஊர் கழுகுமலை. கோவில்பட்டியிலிருந்து இருபது கிலோமீட்டர் சொச்சம். வெட்டுவான் கோவில், சமணச் சிற்பங்கள், முருகன் கோவில்னு ஊருக்கு வர்றவங்க பாக்குறதெல்லாம் அந்த ஒரு மலையைச் சுத்தியே இருக்கு. மத்தபடி கரிசல் காடு, வெயில், மழைக்குக் காத்திருக்கிற ஜனங்க.

எங்க ஆச்சி உலை வைக்கும்போது, அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்து ஒரு பிஸ்கட் டப்பாவில போடுவாங்க. மழை பொய்ச்ச வருஷத்துலயும் அதை நிறுத்தினதில்லை. டப்பா நிறைஞ்சதும் அது சபைக்குப் போயிடும். "எதுக்கு ஆச்சி?"ன்னு கேட்டா, "வடக்க ஊழியத்துக்குப் போயிருக்காகள்ல, அவுகளுக்கு"ம்பாங்க. ஆச்சி மதுரையைத் தாண்டி எங்கயும் போனதில்லை. ஆனா அந்த டப்பா போயிருக்கு.

இந்தப் பழக்கத்துக்குப் பின்னாடி பெரிய வரலாறு இருக்குன்னு எனக்கு வேலைக்கு வந்த பிறகுதான் தெரிஞ்சது.

1854-இல் தாமஸ் ராக்லண்ட் என்ற ஆங்கிலேயர், கேம்பிரிட்ஜில் கணிதம் படித்தவர், வடதிருநெல்வேலியின் இந்தக் கரிசல் பகுதிக்கு வந்தார். பங்களா கட்டிக்கொண்டு உட்காரவில்லை. கூடாரம் போட்டு, கிராமம் கிராமமாகச் சுற்றினார். அவருடன் தமிழ் உபதேசியார்களும் நடந்தார்கள். தெற்கே இருந்த சபைகள் அவர்களை முறைவைத்து வடக்கே அனுப்பின. ராக்லண்ட் 1858-இல் சிவகாசியில் இறந்துபோனார். "நம்ம ஆளை நாமே அனுப்புவோம்" என்ற எண்ணம் மட்டும் இந்தப் பக்கத்துச் சபைகளில் தங்கிவிட்டது.

வெள்ளாளன்விளைக்காரர்

சரி, இப்ப நம்ம கதாநாயகரிடம் வருவோம். வேதநாயகம் சாமுவேல் அசரியா. 1874-இல் திருநெல்வேலிச் சீமையின் தேரிக்காட்டுப் பக்கம் வெள்ளாளன்விளையில் பிறந்தவர். அப்பா ஒரு கிராமத்துப் போதகர். சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தார், ஆனால் பட்டம் வாங்கவில்லை. அரியர் வைத்திருக்கிற மக்கள் கொஞ்சம் ஆறுதல் அடையலாம்!

1895-இல் ஒய்.எம்.சி.ஏ.வில் வேலைக்குச் சேர்ந்தார். இளைஞர்களைச் சந்திப்பது, கூட்டம் நடத்துவது, ஊர் ஊராகப் பயணம். நல்ல வேலை, நல்ல பெயர். 1902-இல் யாழ்ப்பாணம் போனபோதுதான் ஒரு விஷயம் அவரை உலுக்கியது. அங்கிருந்த தமிழ்க் கிறிஸ்தவர்கள், தாங்களே பணம் சேர்த்து, தங்கள் ஆளையே மிஷனெரியாக வெளியே அனுப்பிக்கொண்டிருந்தார்கள். திருநெல்வேலியிலோ சபைகள் பெரியவை, பள்ளிகள் நிறைய. ஆனால் தூரத்து ஊர்களுக்கு ஆள் அனுப்புவது வெள்ளைக்காரர் வேலை என்றே பலரும் நினைத்திருந்தார்கள்.

திரும்பி வந்தவர் சும்மா இருக்கவில்லை. 1903 பிப்ரவரி 12 அன்று பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியது. கொள்கை மூன்றே மூன்று: இந்திய ஆட்கள், இந்தியப் பணம், இந்திய நிர்வாகம். நம்ம பாஷையில் சொன்னால், வெளியில் யாரோ சர்வரை நிறுத்தினால் இங்கே எல்லாம் படுத்துவிடக் கூடாது என்ற ஏற்பாடு. சுதேசி இயக்கம் தொடங்குவதற்கு இரண்டு வருஷம் முன்னாடி இது நடந்தது என்பதைக் கவனிங்க.

அவர்கள் தேர்ந்தெடுத்த இடம் தோர்ணக்கல். அன்றைக்கு நிஜாமின் ஐதராபாத் சமஸ்தானம், இன்றைக்குத் தெலங்கானா. பேசுவது தெலுங்கு. சென்னையிலிருந்து டெல்லி ரயிலில் போயிருந்தால், விஜயவாடா தாண்டி அந்த ஸ்டேஷனைக் கடந்திருப்பீங்க. முதலில் மற்றவர்களை அனுப்பிய அசரியாவை, "அடுத்தவனைப் போகச் சொல்கிறேன், நான் போனேனா?" என்ற கேள்வி விடவில்லை. 1909-இல் ஒய்.எம்.சி.ஏ. வேலையை விட்டு, குருப்பட்டம் பெற்று, குடும்பத்தோடு அங்கே போனார். முப்பத்தைந்து வயதில் தெலுங்கு படித்தார். 1912 டிசம்பர் 29-இல் கல்கத்தாவில் தோர்ணக்கல் பேராயராக அபிஷேகம் பெற்றார். ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் அவர்தான்.

எடின்பரோவில் கேட்டது

இதற்கு நடுவில்தான் 1910. ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் உலக மிஷனெரி மாநாடு. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிரதிநிதிகள், அதில் ஆசியர்கள் இருபது பேருக்கும் குறைவு. அசரியாவுக்கு அப்போது வயது முப்பத்தைந்து. மேடையேறியவர் நன்றி மட்டும் சொல்லி இறங்கவில்லை. மிஷனெரிகள் தங்களிடம் வேலை பார்க்கிற இந்தியர்களோடு நட்பாகப் பழகுவதில்லை என்று நேரடியாகச் சொன்னார். நீங்கள் தியாகம் செய்கிறீர்கள், பணம் தருகிறீர்கள், எல்லாம் சரி; அன்பும் வேண்டும், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று முடித்தார். அரங்கத்தில் பலருக்கு அது கசந்தது. நூறு வருஷத்துக்கு மேலாகியும் அந்தப் பேச்சை இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

அதைப் படிச்சப்போ எனக்கு என் வாய்ஸ் நோட்தான் ஞாபகம் வந்தது. நான் அனுப்பினதுல செய்தி இருந்தது. நண்பன் இல்லை.

கஷ்டமான பக்கம்

இதையெல்லாம் இனிப்பாக மட்டும் சொல்லி முடித்தால் அது நேர்மை இல்லை. தோர்ணக்கல் பகுதியில் சபையில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் மாலா, மாதிகா என்ற ஒடுக்கப்பட்ட சாதி மக்கள். 1930-களில் அந்தப் பேராயத்தில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள், நூற்றுக்கும் மேற்பட்ட இந்தியப் போதகர்கள். இப்படிக் கூட்டமாக மதம் மாறுவதைக் காந்தி கடுமையாக எதிர்த்தார். அசரியா பணியவில்லை. அந்த மக்களுக்கும் மனசாட்சி உண்டு, தங்கள் விசுவாசத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமையும் உண்டு என்பது அவர் நிலை. அதேசமயம், கிறிஸ்தவர்களுக்குத் தனித் தேர்தல் தொகுதி வேண்டாம் என்றும் சொன்னார். சபை என்பது ஓட்டு எண்ணிக்கைக்கான கூட்டமாகிவிடக் கூடாது என்ற கவலை.

எங்க ஊருக்கும் இதில் ஒரு பாடம் இருக்கு. 1895 ஏப்ரலில், பங்குனித் தேரோட்டத்தின்போது கழுகுமலையில் பெரிய கலவரம். தேர் வீதிகளில் ஊர்வலம் போகும் உரிமை மறுக்கப்பட்ட நாடார் மக்களில் பலர் கத்தோலிக்கர்களாகி, அந்த வீதியிலேயே ஒரு ஜெபவீட்டை அமைத்திருந்தார்கள். தேரும் வழியும் மோதிக்கொண்டன. இரண்டு பக்கமும் உயிர் போனது. உரிமை கேட்டதில் நியாயம் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். அவமானப்பட்டவர்களின் வலி உண்மை. ஆனால் விசுவாசம் ஒரு வீதியை ஜெயிக்கிற விஷயமாகும்போது என்ன நடக்கும் என்பதை என் ஊரே பார்த்திருக்கிறது. அசரியாவும் அதே நாடார் சமூகத்தில் பிறந்தவர்தான், அந்த வருஷம் அவருக்கு இருபது வயது. அப்படிப்பட்டவர் தனக்குச் சொந்தமில்லாத மொழியில், தன் சாதியில்லாத மக்களோடு, 1945 புத்தாண்டு நாளில் சாகும்வரை வாழ்ந்தார்.

அப்ப நாம என்ன செய்யறது?

எனக்குப் புரிஞ்சது இவ்வளவுதான். நோக்கம்ங்கிறது ஒருநாள் திடீர்னு கிடைக்கிற வேலை இல்லை. ஆச்சிக்கு அது அடுப்படியில இருந்தது. அசரியாவுக்கு ஐதராபாத் சமஸ்தானத்துல இருந்தது. உள்ளூரா, உலகமான்னு நாம சண்டை போடுறோம். அவங்க இரண்டையும் ஒரே டப்பாவில வச்சிருந்தாங்க. பக்கத்து வீட்டுக்குப் போகாதவன் பக்கத்து நாட்டுக்குப் போய் என்ன பண்ணப் போறான்? அதேபோல, தன் தெருவோடயே நின்னுட்டா தோர்ணக்கல்ல யார் இருந்திருப்பாங்க?

கடைசியா, ரூம்மேட் கதையை முடிச்சுடுறேன். அடுத்த வருஷம் அவன் அப்பாவோட தெவசத்துக்கு ஊருக்குப் போனேன். முந்தின நாளே போய் வெங்காயம் உரிச்சேன், தண்ணி தூக்கினேன். யாருக்கும் எந்த வசனமும் சொல்லல. படையல் சாப்பாடு பத்தி எனக்கு ஒரு தயக்கம் இருந்தது, வாயைத் திறந்து சொல்லவும் கூச்சம். அவன் அம்மா அதை எப்படியோ புரிஞ்சுக்கிட்டாங்க. படைக்கிறதுக்கு முன்னாடி அந்த வீட்டுல யாருக்கும் சோறு போட மாட்டாங்க. அன்னைக்கு எனக்கு மட்டும் முதல்லயே தனியா எடுத்து வச்சிருந்தாங்க. "நீ சாப்பிடுப்பா, உங்க வழக்கம் எனக்குத் தெரியும்"னாங்க. யார் யாருக்கு நண்பராக இருந்தாங்கன்னு நீங்களே சொல்லுங்க.

அன்னைக்கு ராத்திரி மொட்டை மாடியில அவனாவே கேட்டான்: "ஏன்டா, உங்க ஆச்சி ஒரு பிடி அரிசி எடுத்து வைப்பாங்கன்னு சொல்லுவியே, அது யாருக்கு?"

அப்பதான் சொல்ல ஆரம்பிச்சேன். ஆறு நிமிஷம் இல்லை, விடியற வரைக்கும்.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம் மக்களே. அதுவரைக்கும், யாருக்காவது ஃபார்வர்ட் அனுப்பணும்னு தோணினா, முதல்ல ஒரு தடவை நேர்ல போய்ப் பாத்துட்டு வாங்க.