குழாய்க்குள் ஓடும் வட்டி

வங்கியின் கடன் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். வீடு திருவொற்றியூர் காலடிப்பேட்டையில். தெருவைத் தோண்டிக் குழாய் இறக்கும்போது அக்கம்பக்கத்தார் ‘எப்போ மூடுவாங்க?’ என்று கேட்பார்கள். நான் கேட்பது வேறு. இதற்குப் பணம் யார் தந்தது? மானியமா, கடனா? கடன் என்றால் வட்டி என்ன, தவணை எத்தனை வருஷம், கட்டப்போவது யார்? பொறியாளர்கள் குழாயின் விட்டத்தைச் சொல்வார்கள். மேடையில் பேசுபவர்கள் திட்டத்தின் மொத்தத் தொகையைச் சொல்வார்கள். வட்டியை யாரும் சொல்வதில்லை. ஓர் ஏழை வீட்டுக்குள் குழாய் வருமா, தெருமுனைத் தொட்டியோடு நின்றுவிடுமா என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்வது அந்த வட்டிதான்.

எங்கள் ஊரின் தண்ணீர்க் கஷ்டம் தெரிந்தவர்களுக்கு இது புரியும். ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் பக்கிங்காம் கால்வாய். அடிபம்பில் வருவது பாத்திரம் கழுவத்தான் ஆகும்; அதிலும் உப்புக் கறை படியும். வடக்கே மீஞ்சூர்ப் பக்கம் 1960களில் கிணற்று வயல்கள் அமைத்து, நகரத்துக்கும் மணலித் தொழிற்சாலைகளுக்கும் நிலத்தடி நீரை உறிஞ்சினார்கள். கடல் நீர் பல கிலோமீட்டர் உள்ளே ஏறிவிட்டது. அதன் பிறகு இந்தப் பகுதிக்குத் தண்ணீர் என்பது வெளியிலிருந்து குழாயிலோ லாரியிலோ வந்தாக வேண்டிய ஒன்று. லாரிச் சத்தம் கேட்டதும் அடுப்பை அணைத்துவிட்டுக் குடத்தோடு ஓடிய பெண்கள் இன்றும் இங்கே பாட்டிகளாக இருக்கிறார்கள்.

மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்கு நான் கணக்கு எழுதக் கற்றுக்கொடுப்பது உண்டு. குப்பத்திலிருந்து வரும் ஒரு பெண் ஒரு நாள் கேட்டாள்: “வரிதான் கட்டினுகீறோமே அக்கா, அப்புறம் கவர்மென்ட் எதுக்குக்கா கடன் வாங்கணும்?”

நல்ல கேள்வி. வரி வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமாக வருகிறது. குழாய்க்கும் நீரேற்று நிலையத்துக்கும் பணம் ஒரே நேரத்தில் மொத்தமாக வேண்டும். ஆனால் அந்தக் குழாய் முப்பது வருஷத்துக்கு மேல் உழைக்கும். இன்றைய வரியிலேயே முழுச் செலவையும் எடுத்தால் இன்று இருப்பவர்கள் மட்டும் சுமக்க வேண்டும். கடன் வாங்கினால், பதினெட்டாம் வருஷத்தில் அந்தக் குழாயைத் திறப்பவரும் தன் பங்கைக் கட்டுவார். அது நியாயம்தான். நியாயம் கெடுவது வட்டியிலும் தவணைக் காலத்திலும்தான்.

அன்றைக்கு அவர்களுக்குக் கரும்பலகையில் போட்டுக் காட்டிய கணக்கு இது. 50,000 வீடுகள் உள்ள ஊர், 100 கோடி ரூபாய்த் திட்டம் என்று வைத்துக்கொள்வோம். 12 சதவீத வட்டியில் 10 வருஷத்துக்குக் கடன் வாங்கினால் ஆண்டுத் தவணை சுமார் 17 கோடியே 70 லட்சம். வீட்டுக்கு மாதம் 295 ரூபாய். அதே 100 கோடியை 6 சதவீதத்தில் 20 வருஷத்துக்கு வாங்கினால் ஆண்டுத் தவணை 8 கோடியே 72 லட்சம். வீட்டுக்கு மாதம் 145 ரூபாய். இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கட்டி முடிக்கும்போது மொத்தம் முன்னதில் 177 கோடி, பின்னதில் 174 கோடி, ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் மாதச் சுமை பாதி. இருபதாம் வருஷத்து 145 ரூபாய்க்கு இன்றைய மதிப்பும் இருக்காது. மீன் விற்றுப் பிழைக்கும் வீட்டுக்கு 145 ரூபாய்க்கும் 295 ரூபாய்க்கும் உள்ள தூரம் பெரியது. ஒன்றில் இணைப்பு வாங்குவார்கள், மற்றொன்றில் வாங்க மாட்டார்கள். இணைப்பு வாங்காதவர்கள் கூடினால் வசூல் குறையும், தவணை தவறும், அடுத்த கடன் கிடைக்காது.

இந்தக் கணக்கைத் தமிழ்நாடு இந்தியாவிலேயே முன்கூட்டிப் புரிந்துகொண்ட மாநிலம் என்று சொல்வேன். 1988இல் உலக வங்கி உதவியோடு ‘நகராட்சி நகர்ப்புற வளர்ச்சி நிதி’ தொடங்கப்பட்டது. நகராட்சிகளுக்கு அதிலிருந்து கடன் தருவது, அவை திருப்பிக் கட்டியதை வேறு நகராட்சிகளுக்குத் தருவது என்பது ஏற்பாடு. சுயஉதவிக் குழுவின் சுழல் நிதி எப்படியோ அப்படி. 1996இல் இது தமிழ்நாடு நகர்ப்புற வளர்ச்சி நிதியமாக மாறியது. மாநில அரசோடு ஐசிஐசிஐ, எச்டிஎஃப்சி, ஐ.எல்.எஃப்.எஸ். ஆகியவை பணம் போட்டன. உள்ளாட்சிக்குக் கடன் கொடுத்தால் திரும்ப வராது என்று வங்கியில் நாங்கள் எல்லோரும் நம்பிக்கொண்டிருந்த காலம் அது. இந்த நிதியத்துக்குத் தவணைகள் ஒழுங்காகத் திரும்பி வந்தன.

அதைவிடப் பெரிய காரியம் 2002இன் கடைசியில் நடந்தது. 13 சிறிய உள்ளாட்சிகளுக்குக் குடிநீருக்கும் சாக்கடைக்கும் பணம் தேவைப்பட்டது. தனித்தனியாகப் போனால் கடன் பத்திரச் சந்தையில் யாரும் அவற்றை ஏறெடுத்தும் பார்க்க மாட்டார்கள். ஒவ்வொன்றின் தேவையும் சிறியது, ஒவ்வொன்றின் வரவும் நிச்சயமில்லாதது. குடிநீர் மற்றும் துப்புரவுக் கூட்டு நிதியம் என்று ஒன்றை அரசு உருவாக்கி, 13 பேருக்கும் சேர்த்து ஒரே கடன் பத்திரமாக 30 கோடியே 41 லட்சம் ரூபாய் திரட்டியது. 15 வருஷத் தவணை, 9.20 சதவீத வட்டி. உள்ளாட்சிகள் தங்கள் வருவாயிலிருந்து தவணைக்கான பணத்தைத் தனிக் கணக்கில் ஒதுக்கி வர வேண்டும். அப்படியும் தவறினால், மாநில அரசு அந்த உள்ளாட்சிக்குத் தர வேண்டிய நிதிப் பங்கிலிருந்து பிடித்துக்கொள்ளும். அதற்கும் மேலே அமெரிக்க அரசின் யு.எஸ்.எய்ட் அமைப்பு அசலில் பாதிக்கு உத்தரவாதம் தந்தது. இத்தனை ஜாமீன் சேர்ந்ததால்தான் பெயர் தெரியாத பேரூராட்சிக்கும் பெரிய நிறுவனத்துக்குக் கிடைக்கும் தவணைக் காலம் கிடைத்தது. 1998இல் அகமதாபாத் மாநகராட்சி அரசு உத்தரவாதம் இல்லாமல் 100 கோடிக்குப் பத்திரம் வெளியிட்டது சாதனைதான். அது பெரிய நகரம், வரவு உள்ள நகரம். ஏழை ஊர்கள் கைகோத்துக் கடன் வாங்கியதே எனக்குப் பெரிதாகப் படுகிறது. பெங்களூரைச் சுற்றிய நகராட்சிகளுக்காகக் கர்நாடகம் 2005இல் இதே வழியில் போனது.

வெளிநாட்டில் இது புதிதல்ல. நெதர்லாந்தில் 1953இல் கடல் உள்ளே புகுந்து பெரும் அழிவு நேர்ந்தது. மறு வருஷமே அந்நாட்டின் நீர் வாரியங்கள் சேர்ந்து தங்களுக்கென ஒரு வங்கியைத் தொடங்கின. இன்றும் அது நடக்கிறது. அமெரிக்காவில் 1987 முதல் மாநிலந்தோறும் சுழல் நிதி உண்டு. மத்திய அரசு மானியம் தரும், மாநிலம் அதில் ஐந்தில் ஒரு பங்கு சேர்க்கும், ஊர்களுக்குக் குறைந்த வட்டியில் நீண்ட காலக் கடன் போகும், திரும்பி வருவது அடுத்த ஊருக்கு.

குறைந்த வட்டியால் மட்டும் எல்லாம் நடந்துவிடாது என்பதற்கு ஆலந்தூர் சாட்சி. ஆர்.எஸ்.பாரதி நகராட்சித் தலைவராக இருந்தபோது, 2000ஆம் ஆண்டை ஒட்டிப் பாதாள சாக்கடைத் திட்டத்துக்கு மக்களிடமே முன்பணம் கேட்டார்கள். வீட்டுக்கு 5,000 ரூபாய், கடைக்கு 10,000. மீதிக்கு அரசு நிதி நிறுவனங்களின் கடனும் மானியமும். தெருத் தெருவாகப் போய்க் கணக்கு சொன்னார்கள், எதிர்க்கட்சிக்காரர்களையும் கூட்டிக்கொண்டு போனார்கள். குழாய் கண்ணில் படும் முன்பே மக்கள் பணம் கட்டினார்கள். கடன் யாருடையது என்று அந்த ஊருக்குத் தெரிந்திருந்தது.

எங்கள் ஊருக்கு அது தெரியாது. திருவொற்றியூர் நகராட்சியாக இருந்தபோது ஜவஹர்லால் நேரு நகர்ப்புறப் புனரமைப்புத் திட்டத்தில் பாதாள சாக்கடைக்கு ஒப்புதல் கிடைத்தது. 40 லட்சத்துக்கு மேல் மக்கள் உள்ள பெருநகரப் பகுதிக்கு அதில் மத்திய அரசு 35 சதவீதம், மாநில அரசு 15 சதவீதம் தந்தன. மீதிப் பாதியை உள்ளாட்சி கடன் வாங்கியோ கைப்பணத்திலோ போட வேண்டியிருந்தது. 2011இல் நகராட்சியே சென்னை மாநகராட்சியோடு சேர்ந்து முதல் மண்டலமாகிவிட்டது. தண்ணீரும் சாக்கடையும் சென்னைக் குடிநீர் வாரியத்தின் பொறுப்பாயின. நகராட்சி மன்றத்தில் விவாதிக்கப்பட வேண்டிய கடன் சிந்தாதிரிப்பேட்டையில் உள்ள தலைமை அலுவலகத்தின் கணக்குப் புத்தகத்துக்குள் போய்விட்டது.

சேர்ந்ததில் லாபமும் உண்டு, நஷ்டமும் உண்டு. 2021இல் வந்த அம்ருத் 2.0 திட்டத்தில் 10 லட்சத்துக்கு மேல் மக்கள் உள்ள நகரங்களுக்கு மத்திய அரசின் பங்கு 25 சதவீதம்தான். 1 லட்சம் முதல் 10 லட்சம் வரை உள்ள ஊருக்கு மூன்றில் ஒரு பங்கு. 2011 கணக்கெடுப்பில் சுமார் இரண்டரை லட்சம் பேர் இருந்த திருவொற்றியூர், தனி நகராட்சியாக நீடித்திருந்தால் இரண்டாவது வரிசையில் நின்றிருக்கும். மறுபக்கம், 2025 மே மாதம் சென்னை மாநகராட்சி கொடுங்கையூர்க் குப்பைமேட்டை அகற்றும் பணிக்காக 200 கோடி ரூபாய்க்கு 7.97 சதவீதத்தில் பத்திரம் வெளியிட்டபோது, கேட்டதைவிட இரு மடங்குக்கு மேல் பணம் போட ஆள் இருந்தது. அந்த வட்டி எங்கள் பழைய நகராட்சிக்குக் கனவிலும் கிடைத்திருக்காது. பெரிய நகரத்தின் நல்ல பெயர் வடசென்னைக்குப் பயன்படுகிறது என்றால் எனக்கு மகிழ்ச்சியே. பயன்படுகிறதா என்பதை நாம் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

கடன் செலவு கண்ணுக்குத் தெரியாமல் தண்ணீர் விலைக்குள் ஒளிந்துகொள்வதைப் பார்க்க வேண்டுமானால் காட்டுப்பள்ளிக்குப் போகலாம். நாளுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை 2010 ஜூலையில் அங்கே தொடங்கியது. வடசென்னைக்குத் தண்ணீர் தருவதற்காக அமைந்தது அது. தனியார் கூட்டு நிறுவனம் தன் பணத்திலும் கடனிலும் கட்டி, 25 வருஷம் வாரியத்துக்குத் தண்ணீர் விற்கும் ஒப்பந்தம். தொடக்க விலை ஆயிரம் லிட்டருக்கு 48 ரூபாய் 66 காசு. கட்டுமானக் கடனின் வட்டியும் முதலீட்டாளரின் லாபமும் அந்த விலைக்குள் அடங்கியவை. 2013இல் திறந்த நெம்மேலி ஆலை மத்திய அரசின் மானியத்தில் கட்டியது. அதன் தண்ணீர்மேல் அந்தச் சுமை இல்லை. 2024 பிப்ரவரியில் திறந்த இரண்டாவது நெம்மேலி ஆலைக்கு ஜெர்மனியின் கே.எஃப்.டபிள்யூ வங்கி கடன் தந்தது. பேரூரில் 4,276 கோடியில் கட்டும் 40 கோடி லிட்டர் ஆலைக்குக் கடன் ஜப்பானின் ஜைக்கா நிறுவனத்துடையது. நம் தெருக்களில் மழைநீர் வடிகால் போடும் கொசஸ்தலையாற்று வடிநிலத் திட்டத்துக்கு ஆசிய வளர்ச்சி வங்கி 2021இல் 25 கோடியே 10 லட்சம் டாலர் ஒதுக்கியது.

இந்த வெளிநாட்டுக் கடன்களில் வட்டி குறைவு, காலம் நீளம். ஆனால் கடன் யென்னிலும் டாலரிலும் யூரோவிலும் இருக்கிறது. 2005க்குப் பிறகு இப்படிப்பட்ட வெளிநாட்டுக் கடனை மத்திய அரசு வாங்கி, அதே நிபந்தனையோடு மாநிலத்திடம் தள்ளிவிடுகிறது. ரூபாய் சரிந்தால் அந்த நஷ்டம் மாநிலத்தின் தலையில். எனவே ‘ஒன்றரை சதவீதம்தான்’ என்று யாராவது சொன்னால் அப்படியே மகிழ்ந்துவிடக் கூடாது. ரூபாயில் வருமானம் வரும் வேலைக்கு ரூபாயிலேயே மலிவான கடன் தரும் நம் சொந்தச் சுழல் நிதியைப் பெரிதாக்குவதே சிறந்த வழி. என் தொழில் எனக்குக் கற்றுத்தந்த முடிவு அது.

காட்டுப்பள்ளித் தண்ணீர் விலை அதிகம் என்று பலரும் குறை சொல்வார்கள். தொடக்க விலையை லிட்டருக்குக் கணக்கிட்டால் 5 காசுக்கும் கீழே. குழாய்த் தண்ணீரை நம்பிக் குடிக்க முடியாத வீடுகள் 20 லிட்டர் கேனுக்கு 30, 40 ரூபாய் தருகின்றன. லிட்டருக்கு ஒன்றரை முதல் இரண்டு ரூபாய். அதாவது முப்பது, நாற்பது மடங்கு. பொதுக் கடனுக்கு வட்டி கட்டத் தயங்கும் சமூகத்தில் ஏழைப் பெண் தினமும் அதைவிடப் பெரிய வட்டியைக் கேன்காரரிடம் கட்டிக்கொண்டிருக்கிறாள். கடன் வாங்குவது குற்றமல்ல. கடன் வாங்கிப் பதித்த குழாயை இணைப்பில்லாமலும் பராமரிப்பில்லாமலும் விட்டுவிட்டுத் தவணையை மட்டும் கட்டுவதுதான் குற்றம்.

வேலை நடக்கும் இடத்தில் திட்டத்தின் பெயர், மதிப்பு, ஒப்பந்ததாரர் பெயர் எழுதிய பலகை வைக்கிறார்கள். அதில் இன்னும் நான்கு வரி வேண்டும்: மானியம் எவ்வளவு, கடன் யாரிடம், வட்டியும் தவணைக் காலமும் என்ன, கட்டுவது யார். குடிநீர் வாரியத்துக்குச் சொத்தின் ஆண்டு மதிப்பில் 7 சதவீதம் வரி கட்டுகிறவர்களுக்கு இதைக் கேட்கும் உரிமை இருக்கிறது. உங்கள் வார்டின் பகுதி சபைக் கூட்டத்துக்குப் போங்கள். தெருவிளக்கைப் பற்றிக் கேட்டு முடித்ததும் இதையும் கேளுங்கள். அங்கே பதில் கிடைக்காவிட்டால் வெள்ளைத் தாளில் இதே நான்கு கேள்விகளை எழுதி, 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் வாரியத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்புங்கள். 30 நாளுக்குள் அவர் பதில் தர வேண்டும்.