உங்களுக்குத் தெரியுமா? அணில் குட்டி கையில் கிடைத்தால்...

கடம்பத்தூர் பக்கம் பனை வெட்டும்போதும், தென்னையில் காய்ந்த மட்டையைத் தள்ளும்போதும் கூடு கலைந்து, கண்கூடத் திறக்காத அணில் குட்டிகள் கீழே விழுவதுண்டு. எடுத்தவர் அடுத்து என்ன செய்கிறார் என்பதில்தான் அதன் உயிர் இருக்கிறது.

● மனிதக் கை பட்ட குட்டியைத் தாய் சேர்க்காது என்பது வெறும் பேச்சு. அணில் தன் குட்டியை வாயில் கவ்வி வேறு கூட்டுக்குத் தூக்கிப் போகும். குட்டிக்குக் காயமில்லை, உடம்பு சூடாக இருக்கிறது என்றால் துணி விரித்த சின்னக் கூடையில் வைத்து அதே மரத்தில், பூனைக்கு எட்டாத உயரத்தில் கட்டுங்கள். பிறகு தள்ளி நின்று காக்கை வராமல் ஒரு கண் வைத்தால் போதும். தெருவே கூடி வேடிக்கை பார்த்தால் தாய் இறங்காது. அணில் பகலில் நடமாடும் பிராணி, அதனால் இருட்டிய பின் காத்திருந்து பயனில்லை.

● தாய் வரவில்லையா? முதலில் சூடு, அப்புறம்தான் ஆகாரம். குளிர்ந்து கிடக்கும் குட்டிக்குச் செரிக்காது; அந்த நேரத்தில் எதை ஊட்டினாலும் ஆபத்து. ஷூ டப்பாவில் பழைய பருத்தித் துணி விரியுங்கள். வெந்நீர் பாட்டிலைத் துண்டில் சுற்றி, டப்பாவின் ஒரு பக்கம் மட்டும் வையுங்கள். சூடு அதிகமானால் குட்டி நகர்ந்துகொள்ள மறுபக்கம் வேண்டும். பாட்டில் ஆறியதும் மாற்றிவிட வேண்டும், இல்லையென்றால் அது குட்டியின் சூட்டையே இழுத்துக்கொள்ளும்.

● எல்லா வீட்டிலும் உடனே கிளம்பும் யோசனை, "ரெண்டு சொட்டு பசும்பால் விடு." அன்பு சரி, வைத்தியம் தப்பு. பசும்பால் குட்டிக்கு ஒத்துக்கொள்ளாமல் வயிற்றுப்போக்கில் கொண்டுபோய் விடும். தோளருகே தோலை லேசாகக் கிள்ளி விடுங்கள். அது உடனே படியாமல் நின்றால் உடம்பில் நீர் வற்றியிருக்கிறது. பாக்கெட்டில் எழுதியிருக்கிற அளவுப்படி கரைத்த ஓ.ஆர்.எஸ். கரைசலை வெதுவெதுப்பாக, சொட்டுச் சொட்டாகக் கொடுக்கலாம். ஒரு நாளுக்கு மேல் ஆகுமென்றால் கால்நடை மருத்துவரைக் கேட்டு, நாய்க்குட்டிகளுக்கென்று விற்கிற பால் பவுடருக்கு மாறலாம்.

● கைக்குழந்தை மாதிரி மல்லாக்கப் போட்டு ஊட்டினால் பால் நுரையீரலுக்குள் போய்விடும். நல்லெண்ணத்தோடு எடுக்கப்பட்ட குட்டிகள் பல செத்துப்போவது இதனால்தான். குப்புற, தலை சற்றே தூக்கிய நிலையில் பிடித்து, ஊசி கழற்றிய 1 மி.லி. சிரிஞ்சால் அது நக்குகிற வேகத்துக்கே கொடுங்கள். மூக்கில் குமிழி வந்தால் உடனே நிறுத்துங்கள்.

● கண் திறக்காத குட்டிக்குத் தானாகச் சிறுநீர் கழிக்கத் தெரியாது! தாய் நக்கிவிட்டுத்தான் அது நடக்கும். ஒவ்வொரு முறை ஊட்டிய பிறகும் வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் அடிப்பக்கத்தை மெல்ல வருடிவிடுங்கள். பிறகு சோப்பால் கை கழுவ மறக்கவேண்டாம்.

● நம் ஊர் அணிலுக்கு முதுகில் 3 கோடு, வட இந்திய அணிலுக்கு 5. நம்முடையது ஏறக்குறைய 34 நாள் சினை சுமந்து பெரும்பாலும் 2 அல்லது 3 குட்டி போடும். பால்குடி மறக்க 10 வாரம் ஆகும்.

● சங்கப் புலவர் ஒருவருக்கு அணிலாலேயே பெயர் அமைந்தது. குறுந்தொகை 41-ஆம் பாடலைப் பாடிய அவர் பெயர் அணிலாடு முன்றிலார்.

● எங்கே கொண்டுபோவது? 1962 என்ற எண் நடமாடும் கால்நடை ஆம்புலன்ஸுக்கானது. அது முக்கியமாக ஆடு மாடுகளுக்குத்தான், அணிலுக்கு வண்டி வரும் என்று நம்பி உட்காரவேண்டாம். முதல் உதவிக்குப் பக்கத்து அரசு கால்நடை மருந்தகம் போதும். வளர்த்துத் திரும்ப விடும் பொறுப்பை ஏற்கக்கூடியவர்களை வனத்துறையிடம் விசாரியுங்கள், அல்லது சென்னை கிண்டியிலுள்ள புளூ கிராஸிடம் போனில் கேளுங்கள். கடம்பத்தூரிலிருந்து சென்ட்ரல் சுமார் 50 கி.மீ. மின்சார ரயிலில் போவதானால் டப்பாவை மூடி, காற்றுக்கு ஓட்டை போட்டு, மடியில் வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்து சீட்டுக்காரர் கேட்டாலும் திறந்து காட்டவேண்டாம்.

● பாசம் மிஞ்சினாலும் வினைதான். அமெரிக்காவில், தாய் காரில் அடிபட்டுச் செத்த 'பீனட்' என்ற அணிலை ஒருவர் 7 ஆண்டு வீட்டிலேயே வளர்த்தார். உரிமம் இல்லை என்று 2024 அக்டோபரில் நியூயார்க் மாநில அதிகாரிகள் அதைக் கைப்பற்றினார்கள். அது ஒருவரைக் கடித்துவிட, வெறிநோய்ப் பரிசோதனைக்காகக் கொல்லப்பட்டது. பரிசோதனையில் நோய் இல்லை என்றே வந்தது. குட்டியிலேயே உரியவர் கைக்குப் போயிருந்தால் இந்த முடிவு வந்திருக்காது.

● பனை தமிழ்நாட்டின் மாநில மரம். அதை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்டது. அனுமதி வாங்கியே வெட்டினாலும், அரிவாள் வைக்கும் முன் ஒருவரை மேலே ஏற்றி, மட்டைகளுக்கிடையில் கூடு இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். இருந்தால் குட்டிகள் ஓடியாடும் வரை சில வாரம் பொறுங்கள்.