ஐ.நா. மனித உரிமை அமைப்புகளில் வட்டாரப் பிரதிநிதித்துவம்: இடங்கள் பகிரப்படுவது எப்படி?

புதுதில்லி: ஐ.நா. மனித உரிமைகள் கவுன்சிலுக்கு 2026-28 காலத்துக்கான உறுப்பினராக இந்தியா போட்டியின்றித் தேர்ந்தெடுக்கப்பட்டுள்ளது. 2025 அக்டோபர் 14 அன்று நியூயார்க்கில் ஐ.நா. பொதுச் சபை நடத்திய வாக்கெடுப்பில் 14 நாடுகள் தேர்வாகின. அவற்றில் ஆசிய-பசிபிக் குழுவைச் சேர்ந்தவை இந்தியா, பாகிஸ்தான், இராக், வியட்நாம் ஆகிய நான்கு. அந்தக் குழுவுக்கு ஒதுக்கப்பட்டிருந்த இடங்களும் நான்கே. இந்தியா இந்தக் கவுன்சிலில் இடம்பெறுவது இது ஏழாவது முறையாகும்.

செய்தி அத்துடன் முடிந்தாலும், நான்கு இடங்களுக்கு நான்கு நாடுகள் மட்டுமே முன்வந்தது எப்படி என்ற கேள்வி எஞ்சுகிறது. உலகின் மனித உரிமை அமைப்புகளில் எந்த வட்டாரத்துக்கு எத்தனை இடம், அதை முடிவு செய்வது யார் என்பதைத் தெரிந்துகொண்டால்தான் இந்த வெற்றியின் உண்மையான எடை புரியும்.

நான்கு நாடுகளுக்கு ஓர் இடம்

கவுன்சில் 2006 மார்ச் 15 அன்று பொதுச் சபையின் தீர்மானத்தால் உருவாக்கப்பட்டது. அதன் 47 இடங்களில் ஆப்பிரிக்காவுக்கு 13, ஆசிய-பசிபிக்குக்கு 13, லத்தீன் அமெரிக்க, கரீபியன் நாடுகளுக்கு 8, மேற்கு ஐரோப்பிய மற்றும் பிற நாடுகளுக்கு 7, கிழக்கு ஐரோப்பாவுக்கு 6 என்று அத்தீர்மானமே வரையறுத்துள்ளது. இதற்கு முன்பிருந்த மனித உரிமைகள் ஆணையத்தின் 53 இடங்களில் மேற்கத்திய குழுவுக்கு 10 இடங்களும் ஆசியாவுக்கு 12 இடங்களும் இருந்தன. புதிய அமைப்பில் மொத்த இடங்கள் குறைந்தபோதும் ஆசியாவின் பங்கு கூடியது. மேற்கின் பங்கு குறைந்தது.

இந்தக் கணக்கின் அடிப்படை மக்கள்தொகை அல்ல, நாடுகளின் எண்ணிக்கை. ஆப்பிரிக்கக் குழுவில் 54 நாடுகள், லத்தீன் அமெரிக்கக் குழுவில் 33, கிழக்கு ஐரோப்பாவில் 23 நாடுகள் உள்ளன. வகுத்துப் பார்த்தால் எல்லா வட்டாரங்களுக்கும் ஏறத்தாழ நான்கு நாடுகளுக்கு ஓர் இடம் என்ற விகிதம் கிடைக்கும். உலக மக்களில் பாதிக்கும் மேற்பட்டோர் வாழும் ஆசியாவுக்கு கால் பங்கை விடச் சற்றுக் கூடுதலான இடங்களே இருப்பது இதனால்தான். 140 கோடிக்கும் அதிகமான மக்களைக் கொண்ட இந்தியாவுக்கும், 50 ஆயிரத்துக்கும் குறைவான மக்களைக் கொண்ட மார்ஷல் தீவுகளுக்கும் கவுன்சிலில் ஒரே வாக்குதான்.

வட்டாரங்களின் எல்லைகளும் நிலப்படத்தை அப்படியே பின்பற்றவில்லை. ஆஸ்திரேலியா, நியூஸிலாந்து, இஸ்ரேல் ஆகியவை 'மேற்கு ஐரோப்பிய மற்றும் பிற நாடுகள்' குழுவில் உள்ளன. ஐரோப்பிய ஒன்றியத்தின் உறுப்பினரான சைப்ரஸ், ஆசிய-பசிபிக் குழுவில் போட்டியிட்டு 2024இல் வென்றது. பனிப்போர்க் கால அரசியல் வகுத்த கோடுகள் பெரும்பாலும் இன்றும் நீடிக்கின்றன.

போட்டி இல்லாத தேர்தல்

கவுன்சில் உறுப்பினராக, 193 நாடுகளைக் கொண்ட பொதுச் சபையில் ரகசிய வாக்கெடுப்பின் மூலம் குறைந்தது 97 வாக்குகளைப் பெற வேண்டும். ஒரு வட்டாரம் தனக்குரிய இடங்களுக்குச் சமமான எண்ணிக்கையில் மட்டும் வேட்பாளர்களை நிறுத்தும்போது, இந்த வாக்கெடுப்பு பெரும்பாலும் சடங்காகிவிடுகிறது. 2025இல் ஐந்து வட்டாரங்களும் அவ்வாறே செய்தன. 2018இல் இந்தியா 188 வாக்குகள் பெற்று முதலிடம் பிடித்தபோதும் ஆசிய-பசிபிக்கின் ஐந்து இடங்களுக்கு ஐந்து நாடுகளே களத்தில் இருந்தன.

ஒரே ஒரு வேட்பாளர் கூடுதலாக நின்றாலும் நிலைமை மாறிவிடுகிறது. 2020இல் ஆசிய-பசிபிக் வட்டாரத்தில் நான்கு இடங்களுக்கு ஐந்து நாடுகள் போட்டியிட்டன. 90 வாக்குகள் மட்டுமே பெற்ற சவுதி அரேபியா தோற்றது. சீனா வென்றாலும் 139 வாக்குகளுடன் நான்காவது இடத்தையே பெற்றது. 2024இல் சவுதி அரேபியா மீண்டும் முயன்றது. அம்முறை 117 வாக்குகள் பெற்ற அந்நாட்டை 124 வாக்குகளுடன் முந்தியது மார்ஷல் தீவுகள். கிழக்கு ஐரோப்பாவில் 2023இல் பல்கேரியாவிடமும் அல்பேனியாவிடமும் ரஷ்யா தோற்றதும் இத்தகைய போட்டியில்தான்.

வட்டார ஒதுக்கீடு ஒரு வட்டாரத்தின் குரல் கேட்கப்படுவதை உறுதி செய்கிறது. அந்தக் குரல் யாருடையது என்பதை வட்டார நாடுகள் தங்களுக்குள் பேசி முடித்துவிட்டால், எஞ்சிய உலகுக்குத் தேர்வு என்று ஒன்று இல்லாமல் போகிறது. ஒதுக்கீட்டை ஆதரிப்போரும் எளிதில் கடந்து செல்ல முடியாத குறை இது.

ஒதுக்கீடே இல்லாத குழுக்கள்

கவுன்சில் அரசுகளின் அமைப்பு. அதற்கு வெளியே, ஐ.நா.வின் மனித உரிமை உடன்படிக்கைகள் ஒவ்வொன்றையும் நாடுகள் எவ்வாறு நிறைவேற்றுகின்றன என்று ஆராயும் வல்லுநர் குழுக்கள் உள்ளன. சித்திரவதைத் தடுப்புக்கான துணைக் குழுவையும் சேர்த்து இவை மொத்தம் பத்து. இவற்றின் உறுப்பினர்கள் அரசுகளின் பிரதிநிதிகள் அல்லர். தனிப்பட்ட தகுதியில் பணியாற்றுவோர். எனினும் அவர்களை முன்மொழிபவையும் தேர்ந்தெடுப்பவையும் அரசுகளே.

இந்தப் பத்துக் குழுக்களில் ஒன்றே ஒன்றில்தான் வட்டார ஒதுக்கீடு உண்டு. பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகளுக்கான குழுவின் 18 இடங்களில் 15 இடங்கள் ஐந்து வட்டாரங்களுக்கும் மும்மூன்றாகப் பகிரப்படுகின்றன. மீதி மூன்று, எந்த வட்டாரத்தில் உடன்படிக்கையை ஏற்கும் நாடுகள் கூடுகின்றனவோ அதற்குச் செல்கின்றன. 1985இல் ஐ.நா.வின் பொருளாதார, சமூக கவுன்சில் வகுத்த ஏற்பாடு இது. இந்தியாவின் முன்னாள் தூதர் பிரீத்தி சரண் இக்குழுவுக்கு 2018இல் ஆசிய-பசிபிக் இடத்துக்குத் தேர்வாகி, 2022இல் மீண்டும் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

மற்ற குழுக்களுக்கான உடன்படிக்கைகள், சமமான புவியியல் பகிர்வைக் 'கருத்தில் கொள்ள வேண்டும்' என்ற அளவில் நின்றுவிடுகின்றன. குடிமை, அரசியல் உரிமைகளுக்கான உடன்படிக்கையின் 31ஆவது பிரிவு, பல்வேறு நாகரிக வடிவங்களும் முதன்மையான சட்ட முறைமைகளும் இடம்பெற வேண்டும் என்று கூறுகிறது. எத்தனை இடம் என்று கூறவில்லை. விளைவாக, சில குழுக்களில் வட்டாரச் சமனின்மை நிலவுவதாகப் பொதுச் சபையே தொடர்ந்து தீர்மானங்களில் கவலை தெரிவித்து, வட்டார ஒதுக்கீட்டைப் பரிந்துரைத்து வருகிறது. வளரும் நாடுகளின் ஆதரவுடன் இத்தீர்மானங்கள் நிறைவேறுகின்றன; மேற்கத்திய நாடுகள் எதிர்த்து வாக்களிக்கின்றன. வல்லுநரின் திறமையும் சுதந்திரமுமே அளவுகோலாக இருக்க வேண்டும் என்பதும், உடன்படிக்கையில் இல்லாத ஒதுக்கீட்டைத் தீர்மானத்தால் புகுத்த முடியாது என்பதும் அவற்றின் வாதம்.

பணமும் ஒரு காரணம். மனித உரிமைகள் குழு உள்ளிட்ட சில குழுக்களின் உறுப்பினர்களுக்கு வழங்கப்பட்ட மதிப்பூதியத்தை 2002இல் பொதுச் சபை ஆண்டுக்கு ஒரு டாலராகக் குறைத்தது. பயணச் செலவும் தங்கும் படியும் கிடைக்கும். மற்றபடி, ஆண்டுக்குப் பல வாரங்கள் ஜெனீவாவில் ஊதியமின்றி உழைக்க வேண்டும். ஓய்வூதியம் பெறும் தூதருக்கும், விடுப்பளிக்கும் பல்கலைக்கழகத்தில் பணியாற்றும் பேராசிரியருக்கும் இது இயலும். சிறிய நாடு ஒன்றில் வழக்கு நடத்திப் பிழைக்கும் வழக்கறிஞருக்கு எளிதன்று. திறமை மட்டுமே அளவுகோல் என்ற வாதம் இந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை.

குழுவில் இருப்பதால் என்ன பயன்?

ஒரு நாட்டின் குடிமகன் குழுவில் இருப்பது அந்த நாட்டுக்குக் கேடயம் ஆகாது. தன் நாட்டின் அறிக்கை ஆராயப்படும்போது உறுப்பினர் விலகியிருக்க வேண்டும். உச்ச நீதிமன்ற முன்னாள் தலைமை நீதிபதி பி.என். பகவதி மனித உரிமைகள் குழுவின் உறுப்பினராகவும் பின்னர் தலைவராகவும் இருந்தார். பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிப்பதற்கான குழுவில் மூத்த வழக்கறிஞர் இந்திரா ஜெய்சிங் பணியாற்றினார். அவர்களது பங்களிப்பின் மதிப்பு வேறு வகையானது: உடன்படிக்கையின் சொற்களுக்கு உலகெங்கும் பொருந்தும் பொருளை வகுப்பதில் பங்கேற்பது.

சொல்லின் பொருள் எவ்வளவு முக்கியம் என்பதற்கு இந்தியாவே எடுத்துக்காட்டு. இனப் பாகுபாடு ஒழிப்பு உடன்படிக்கையில் உள்ள 'வம்சாவளி' என்ற சொல், அது வரையப்பட்ட 1965இல் இந்தியா முன்வைத்த திருத்தத்தின் வழியாக இடம்பெற்றது. சாதி அடிப்படையிலான பாகுபாடும் அச்சொல்லில் அடங்கும் என்று அக்குழு 2002இல் தனது 29ஆவது பொதுப் பரிந்துரையில் விளக்கியது. சாதி இனமல்ல, எனவே இந்த உடன்படிக்கையின் வரம்புக்குள் வராது என்பது இந்திய அரசின் நிலைப்பாடு. தலித் அமைப்புகளோ பரிந்துரையை வரவேற்றன. ஒரே நாட்டின் அரசும் அதன் குடிமக்களில் ஒரு பகுதியினரும் எதிரெதிரே நிற்கும்போது, 'வட்டாரத்தின் குரல்' என்பது அரசின் குரல் மட்டும்தானா என்ற கேள்வி எழாமல் இராது.

இந்தியாவுக்கு இடமில்லாத குழு

உடன்படிக்கைக் குழு ஒன்றுக்கு வேட்பாளரை முன்மொழிய, அந்த நாடு உடன்படிக்கைக்கு ஒப்புதல் அளித்திருக்க வேண்டும். சித்திரவதைக்கு எதிரான உடன்படிக்கையில் இந்தியா 1997 அக்டோபர் 14 அன்று கையெழுத்திட்டது. இன்றுவரை ஒப்புதல் அளிக்கவில்லை. 170க்கும் மேற்பட்ட நாடுகள் இதை ஏற்றுள்ளன. தெற்காசியாவில் பாகிஸ்தான், வங்கதேசம், இலங்கை, நேபாளம், மாலத்தீவு, ஆப்கானிஸ்தான் ஆகியவை அப்பட்டியலில் உள்ளன. இந்தியாவும் பூடானும் இல்லை.

ஒப்புதலுக்கு முன்னோடியாகச் சித்திரவதைத் தடுப்பு மசோதாவை மக்களவை 2010 மே மாதம் நிறைவேற்றியது. மாநிலங்களவை அதைத் தெரிவுக் குழுவுக்கு அனுப்பியது. பின்னர் மக்களவை கலைக்கப்பட்டபோது மசோதா காலாவதியானது. 2017 அக்டோபரில் சட்ட ஆணையம் தனது 273ஆவது அறிக்கையில், உடன்படிக்கைக்கு ஒப்புதல் அளிக்குமாறு பரிந்துரைத்து புதிய வரைவு மசோதாவையும் இணைத்தது. சட்டம் இயற்றுமாறு நாடாளுமன்றத்துக்கு உத்தரவிட முடியாது என்று 2019இல் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது.

சித்திரவதைக்கு எதிரான குழுவில் உள்ள இடங்கள் பத்து மட்டுமே. வட்டார ஒதுக்கீடு நாளையே அங்கு நடைமுறைக்கு வந்தாலும், ஆசிய-பசிபிக்குக்குக் கிடைக்கும் இடங்களுக்கு இந்தியாவால் ஒருவரைக்கூட முன்மொழிய முடியாது. மனித உரிமைகள் கவுன்சிலில் இந்தியாவின் புதிய பதவிக்காலம் 2028 டிசம்பர் 31 அன்று நிறைவடைகிறது.